ரேட் லாவுக்கும் மெக்கானிசத்துக்கும் என்ன சம்பந்தம்? அடிக்கடி வர்ற கேள்விகள்

கெமிஸ்ட்ரில கைனடிக்ஸ், அதாவது வினை எவ்வளவு வேகமா நடக்குதுங்கற பாடத்துல ஃபார்முலா எல்லாம் மனப்பாடமா தெரியும், கணக்கு குடுத்தா போட்டுடுவோம், ஆனா ஒரு மெக்கானிசத்தை எழுதி இதுக்கு ரேட் லா என்னன்னு கேட்டா மட்டும் பேனா நின்னுடும். நானும் ரொம்ப நாள் அந்த நிலைமையிலதான் இருந்தேன். அப்படி இருக்கறவங்களுக்காக எழுதினது இது. ரேட் லான்னு நான் சொல்றது புத்தகத்துல வர்ற வினைவேக விதி, ஆர்டர்னா வினைவகை, அதாவது ரேட் லாவுல செறிவுக்கு மேல வர்ற பவர், மெக்கானிசம்னா வினை வழிமுறை. சதுர அடைப்புக்குள்ள பேர் போட்டிருந்தா அந்தப் பொருளோட செறிவு, கே-ன்னா வேக மாறிலி.

ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?

வேற வேற. ரேட் லா அளந்து கண்டுபிடிக்கறது, மெக்கானிசம் ஊகிக்கறது. எந்தப் பொருளோட செறிவை ரெண்டு மடங்காக்கினா வேகம் எத்தனை மடங்காகுதுன்னு பாத்து எழுதற சமன்பாடுதான் ரேட் லா. 1850-லயே லுட்விக் வில்ஹெல்மி சர்க்கரைக் கரைசல்ல ஆசிட் ஊத்தி, அதுக்குள்ள போற ஒளியோட தளம் எவ்வளவு திரும்புதுன்னு நேரம் பாத்து குறிச்சுக்கிட்டே வந்து, மீதி இருக்கற சர்க்கரைக்கு நேர் விகிதத்துலதான் வேகம் இருக்குன்னு சொல்லிட்டார், அப்ப மூலக்கூறுகள் உள்ள என்ன பண்ணுதுன்னு யாருக்கும் தெரியாது, தெரியாமலே ரேட் லா எழுத முடிஞ்சுது பாருங்க. மெக்கானிசம்ங்கறது அந்த உள்கதை, எது எதோட மோதுச்சு, எது உடைஞ்சுது, நடுவுல என்ன உருவாகி உடனே காணாமப் போச்சுங்கறது.

பேலன்ஸ் பண்ண சமன்பாட்டுல இருக்கற எண்ணை அப்படியே பவரா போட்டா என்ன தப்பு?

அதிகமா நடக்கற தப்பே இதுதான். சமன்பாடு சொல்றது வரவு செலவு மட்டும், உள்ள எவ்வளவு போச்சு வெளிய எவ்வளவு வந்துச்சுன்னு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது.

இதைப் புரிஞ்சுக்க ஹைட்ரஜனை விட நல்ல உதாரணம் கிடையாது. ஹைட்ரஜன் கூட அயோடின் சேர்ந்தா ரெண்டு ஹைட்ரஜன் அயோடைடு, புரோமின் சேர்ந்தா ரெண்டு ஹைட்ரஜன் புரோமைடு, பேப்பர்ல ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி சமன்பாடு. மாக்ஸ் போடன்ஸ்டைன்னு ஒருத்தர், பொறுமைக்கே பேர் போனவர் போல, ரெண்டையும் அளந்தார். அயோடினுக்கு 1890-கள்ல கிடைச்சது இது:

வேகம் = கே [ஹைட்ரஜன்] [அயோடின்]

எல்லாரும் எதிர்பார்த்ததுதான். அதே ஆள் சாமுவேல் லிண்ட் கூட சேர்ந்து 1906 வாக்குல புரோமினை அளந்தப்ப வந்தது இப்படி:

வேகம் = கே [ஹைட்ரஜன்] [புரோமின்]^(3/2) ÷ ( [புரோமின்] + கே′ [ஹைட்ரஜன் புரோமைடு] )

ஒன்றரை பவர், கீழ ஒரு கூட்டல், போதாக்குறைக்கு வினைல உருவாகற பொருளே வேகத்தைக் குறைக்குது. சமன்பாட்டைப் பாத்து இதை யாராவது ஊகிக்க முடியுமா? சான்ஸே இல்ல. குளோரினுக்குப் போனா இன்னும் மோசம், வெளிச்சம் பட்டா வெடிக்கும், கொஞ்சம் ஆக்சிஜன் கலந்திருந்தா மந்தமாயிடும். மூணுக்கும் எண் ஒண்ணுதான், ரேட் லா மூணும் மூணு தினுசு.

அப்ப எண்ணைப் பவரா போடவே கூடாதா?

போடலாம், அந்த வினை ஒரே மோதல்ல முடியற அடிப்படை வினையா இருந்தா மட்டும். மெக்கானிசத்துல வர்ற ஒவ்வொரு படியும் அப்படித்தான், அதனால தனித்தனி படிக்கு தாராளமா போடுங்க. மொத்த சமன்பாட்டுக்குப் போடாதீங்க.

ஆர்டருக்கும் மூலக்கூறு எண்ணுக்கும் வித்தியாசம்?

மூலக்கூறு எண் ஒரு படில எத்தனை பேர் மோதறாங்கங்கறது, 1, 2, அபூர்வமா 3, அதுக்கு மேல கிடையாது, அரையும் காலும் கிடையாது. ஆர்டர் அளந்து வர்றது, அதுல பின்னம், பூஜ்யம், மைனஸ் எல்லாம் வரும்.

ஸ்லோ ஸ்டெப்தான் வேகத்தை நிர்ணயிக்கும்ங்கறாங்களே, ஏன்?

ஒரு வீட்ல மூணு பேர் சேர்ந்து துணி துவைக்கறாங்கன்னு வெச்சுக்கங்க, ஒருத்தர் துவைக்கறார், அடுத்தவர் பிழியறார், மூணாமவர் காயப் போடறார். துவைக்கறவருக்கு ஒரு துணிக்கு பத்து நிமிஷம் ஆகுது, மத்த ரெண்டு பேருக்கும் அரை நிமிஷம். கொடில துணி ஏறற வேகம் துவைக்கறவர் வேகம்தான், காயப் போட இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டாலும் ஒரு துணி கூட அதிகமா ஏறாது.

இப்ப நிஜ வினை. நைட்ரஜன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் வருது. சுமார் 225 டிகிரி செல்சியஸுக்குக் கீழ அளந்தா

வேகம் = கே [நைட்ரஜன் டை ஆக்சைடு]²

கார்பன் மோனாக்சைடைக் காணோம்! அதுக்கு சொல்ற மெக்கானிசம், முதல் படில ரெண்டு நைட்ரஜன் டை ஆக்சைடு மோதி நைட்ரஜன் டிரை ஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் ஆகுது, இது ஸ்லோ. ரெண்டாவது படில அந்த டிரை ஆக்சைடு கார்பன் மோனாக்சைடுக்கு ஒரு ஆக்சிஜனைக் குடுத்துட்டுத் திரும்ப டை ஆக்சைடா ஆயிடுது, இது ஃபாஸ்ட். கார்பன் மோனாக்சைடு காயப் போடற ஆள், அதனாலதான் ரேட் லாவுல பேர் இல்ல. வெப்பநிலை நல்லா ஏறிட்டா ரெண்டும் நேரடியா மோதற பாதை ஜெயிச்சுடும், அப்ப ரேட் லாவும் மாறிடும். அதனால ரேட் லா எழுதறப்ப எந்த வெப்பநிலைல அளந்ததுன்னு சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கங்க.

ரேட் லாவுல பேர் இல்லாட்டி அந்தப் பொருள் வேணவே வேணாமா?

வேணும், அது இல்லாம வினை முடியாது. ஆர்தர் லாப்வொர்த் 1904-ல வெளியிட்ட ஆராய்ச்சி இதுக்கு அருமையான உதாரணம். அசிட்டோன் கூட ஆசிட்ல புரோமினைச் சேர்த்தா வேகம் அசிட்டோனையும் ஆசிட்டையும் பொறுத்துதான் இருக்கு, புரோமின் எவ்வளவு ஊத்தினாலும் ஒரே வேகம். அயோடின் போட்டாலும் அதே வேகம்தான். புரோமினும் அயோடினும் குணத்துல எவ்வளவு தூரம், ரெண்டும் ஒரே வேகத்துல வினைபுரியுதுன்னா அவங்க வர்றதுக்கு முன்னாடியே முக்கியமான வேலை முடிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். அந்த வேலைதான் அசிட்டோன் ஆசிட் உதவியோட ஈனால்ங்கற, அதே அணுக்கள் வேற மாதிரி பிணைஞ்ச வடிவத்துக்கு மாறறது. ஈனால் ஆன உடனே பக்கத்துல எந்த ஹாலஜன் இருக்கோ அது கவ்விக்கும். லேப்ல அயோடின் வெச்சு பண்ணிப் பாருங்க, செறிவு நேர்கோட்டுல இறங்கி டப்புனு பூஜ்யத்துல நிக்கும், ஜீரோ ஆர்டர்னா என்னன்னு அந்த கிராஃப் சொல்ற மாதிரி எந்த விளக்கமும் சொல்லாது.

ஸ்லோ ஸ்டெப்புக்கு முன்னாடி ஒரு ஃபாஸ்ட் ஸ்டெப் இருந்தா?

இங்கதான் பாதிப்பேர் விழறாங்க. நைட்ரிக் ஆக்சைடு ரெண்டு, ஆக்சிஜன் ஒண்ணு, சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு ரெண்டு. ரேட் லா கே [நைட்ரிக் ஆக்சைடு]² [ஆக்சிஜன்]. மூணு பேரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல மோதறது ரொம்ப அபூர்வம், அதனால ரெண்டு நைட்ரிக் ஆக்சைடு முதல்ல ஜோடி சேருது, சேர்ந்த வேகத்துல பிரியவும் செய்யுது, அதாவது வேகமான சமநிலை, அப்புறம் மெதுவா அந்த ஜோடியை ஆக்சிஜன் வந்து தாக்குது.

ஸ்லோ ஸ்டெப்பை மட்டும் எழுதினா கே2 [ஜோடி] [ஆக்சிஜன்]. ஆனா ஜோடிங்கறது இண்டர்மீடியேட், நடுவுல உருவாகி காணாமப் போற பொருள், அதை யாரும் பாட்டில்ல எடுத்து ஊத்தல, அதனால இறுதி ரேட் லாவுல அதை விட்டு வைக்கக் கூடாது. சமநிலைல இருந்து [ஜோடி] = சமநிலை மாறிலி × [நைட்ரிக் ஆக்சைடு]², அதைப் போட்டா ரேட் லா வந்துடுச்சு. நாம அளந்த கே உண்மையில ரெண்டு மாறிலியோட பெருக்கல்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, இந்த வினையைச் சூடாக்கினா வேகம் குறையும். படிச்சதுக்கே நேர் மாறா இருக்கேன்னு தோணும். ஜோடி சேர்றது வெப்பம் உமிழற வேலை, சூடு ஏத்தினா சமநிலை மாறிலி சரிஞ்சுடும், அந்தச் சரிவு கே2 ஏறறதை விட அதிகம், பெருக்கல்ல மொத்தமா இறங்குது. ஒரே மோதல்ல முடியற சாதாரண வினையா இருந்தா இப்படி நடக்கும்னு எதிர்பார்க்க மாட்டோம், அதனால வெப்பநிலையே இங்க ஒரு துப்பு.

சரி, ரேட் லாவைப் பாத்தா மெக்கானிசத்தைப் பத்தி என்னதான் தெரியும்?

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீங்கன்னா இதைப் படிங்க. ரேட் லா தலை எண்ணிச் சொல்லும். ஸ்லோ ஸ்டெப்போட ஆற்றல் உச்சில, டிரான்சிஷன் ஸ்டேட்னு சொல்றோமே அங்க, மொத்தம் எந்தெந்த அணு எத்தனை இருக்குன்னு சொல்லிடும். அவங்க எந்த வழியா, எந்த வரிசைல அங்க வந்து சேர்ந்தாங்கன்னு மட்டும் சொல்லாது.

எண்ணிப் பாருங்க. கார்பன் மோனாக்சைடு வினைல [நைட்ரஜன் டை ஆக்சைடு]²-ன்னா உச்சில 2 நைட்ரஜன், 4 ஆக்சிஜன், கார்பன் கிடையாது. கீழ பகுதில ஏதாவது இருந்தா கழிச்சுக்கணும். ஓசோன் சிதையறப்ப ஆக்சிஜன் நிறைய இருந்தா ரேட் லா [ஓசோன்]² ÷ [ஆக்சிஜன்], மேல 6 ஆக்சிஜன் அணு, கீழ 2, கழிச்சா 4. ஓசோனும் ஒத்தை ஆக்சிஜன் அணுவும் மோதற படி, கரெக்டா 4. அந்த பயங்கரமான புரோமின் ரேட் லாவை எடுத்துக்கங்க, ஆரம்பத்துல ஹைட்ரஜன் புரோமைடு கிட்டத்தட்ட இல்லாதப்ப கீழ வெறும் [புரோமின்]தான், ஒன்றரைல ஒண்ணு போனா அரை. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு, அரை புரோமின் மூலக்கூறு, அதாவது ஒரு புரோமின் அணு. புரோமின் அணு ஹைட்ரஜன் மூலக்கூறை மோதறதுதான் ஸ்லோ ஸ்டெப்! போடன்ஸ்டைன் அளந்து 10 வருஷத்துக்கு மேல ஆகி, 1919, 1920 வாக்குல கிறிஸ்டியன்சென், ஹெர்ட்ஸ்ஃபெல்ட், போலான்யி மூணு பேரும் தனித்தனியா இதை சங்கிலி வினைன்னு, அதாவது ஒரு படில வர்ற அணு அடுத்த படியைத் தூண்டிக்கிட்டே போறதுன்னு விளக்கினாங்க. அரைப் பவரைப் பாத்தா எதோ ஒண்ணு ரெண்டா உடையுதுன்னு சந்தேகப்படுங்க, பெரும்பாலும் சரியா இருக்கும்.

இந்த எண்ணிக்கைக்கு ரெண்டு ஓட்டை இருக்கு. கரைப்பான் எவ்வளவு உள்ள வந்துச்சுன்னு தெரியாது, அதோட செறிவு மாறறதே இல்லையே. இன்னொண்ணு கூட்டல் குறி, அது அடுத்த கேள்வி.

ரேட் லாவுல கூட்டல் குறி வந்தா என்ன அர்த்தம்?

மேல வந்தா ரெண்டு பாதை பக்கத்துல பக்கத்துல ஓடுது. ஹைட்ரஜன் பெராக்சைடு அயோடைடு அயனியை ஆக்சிஜனேற்றம் பண்றப்ப ரேட் லாவுல ரெண்டு உறுப்பு, ஒண்ணுல ஆசிட் உண்டு, ஒண்ணுல இல்ல. ஆசிட் உதவியோட ஒரு வழி, உதவி இல்லாம ஒரு வழி.

கீழ வந்தா ஒரே பாதைல ரெண்டு படிக்கு நடுவுல ஸ்லோ ஸ்டெப் பதவிக்குப் போட்டி. ஓசோனையே முழுசா எழுதிப் பாப்போம். ஓசோன் உடைஞ்சு ஆக்சிஜனும் ஆக்சிஜன் அணுவும், இதுக்கு கே1. அந்த அணு திரும்ப ஆக்சிஜனோட சேர்ந்து ஓசோன் ஆகறது கே2. அணு இன்னொரு ஓசோனை மோதி ரெண்டு ஆக்சிஜன் ஆகறது கே3. ஆக்சிஜன் அணு வந்த உடனே செலவாயிடுது, அதனால வரவும் செலவும் சமம்னு எடுத்துக்கறோம், ஸ்டேடி ஸ்டேட்ங்கறது இவ்வளவுதான்:

கே1 [ஓசோன்] = கே2 [அணு] [ஆக்சிஜன்] + கே3 [அணு] [ஓசோன்]

இதுல இருந்து [அணு] எடுத்து கே3 [அணு] [ஓசோன்]ல போட்டா

வேகம் = கே1 கே3 [ஓசோன்]² ÷ ( கே2 [ஆக்சிஜன்] + கே3 [ஓசோன்] )

ஓசோன் குறையற வேகம் இதைப் போல ரெண்டு மடங்கு. ஆக்சிஜன் நிறைய இருந்தா கீழ முதல் உறுப்பு ஜெயிக்கும், மேல பாத்த ரேட் லா வரும். ஆக்சிஜன் ரொம்பக் கம்மின்னா ரெண்டாவது உறுப்பு, அப்ப வெறும் கே1 [ஓசோன்], முதல் படியே ஸ்லோ ஸ்டெப் ஆயிடுது. ஸ்லோ ஸ்டெப் ஒரு நிரந்தரப் பதவி இல்ல, செறிவு மாறினா ஆள் மாறும்.

ப்ரீ ஈக்விலிப்ரியம் (ஸ்லோ ஸ்டெப்புக்கு முன்னாடி வர்ற வேகமான சமநிலை) போடறதா, ஸ்டேடி ஸ்டேட் போடறதா?

சந்தேகம்னா ஸ்டேடி ஸ்டேட் போட்டுடுங்க. எந்தப் படி ஸ்லோன்னு தெரியாட்டியும் அது வேலை செய்யும், திரும்பிப் போற படி ரொம்ப வேகமா இருந்தா தானாவே ப்ரீ ஈக்விலிப்ரியம் விடை வந்துடும். இண்டர்மீடியேட் குவிஞ்சு நிக்கற வினைல மட்டும் போடக் கூடாது.

ஒத்தை மூலக்கூறு தானா உடையறது எப்படி? மோதாம ஆற்றல் எங்கிருந்து வரும்?

நியாயமான கேள்வி, 1920 வாக்குல பெரிய ஆளுங்களையே குழப்பின கேள்வி. லிண்டெமன் சொன்ன பதில், மோதல்லதான் ஆற்றல் வருது, ஆனா உடனே உடையறதில்ல. கிளர்ந்த மூலக்கூறு கொஞ்ச நேரம் அப்படியே சுத்தும், அதுக்குள்ள இன்னொரு மோதல் வந்தா ஆற்றலை இழந்துடும், வராட்டி உடையும். அழுத்தம் அதிகமா இருந்தா மோதல் ஏராளம், கிளர்ந்தவங்க ஒரு நிலையான பங்கா இருப்பாங்க, அதனால முதல் ஆர்டர். அழுத்தத்தைக் குறைச்சுட்டே போனா மோதலே பஞ்சமாயிடும், அதுவே ஸ்லோ ஸ்டெப் ஆயிடும், ஆர்டர் ரெண்டாகும். அந்த மாற்றத்தை சோதனைல பாத்தாங்க. அளவு சரியா ஒத்து வர ஹின்ஷெல்வுட் 1926-ல திருத்த வேண்டி வந்துச்சு, அது தனிக்கதை.

நான் எழுதின மெக்கானிசம் ரேட் லாவோட பொருந்துது. அப்ப நிரூபிச்சாச்சா?

இல்ல. பொருந்தலன்னா தப்புன்னு அடிச்சுச் சொல்லலாம், பொருந்தினா தப்புன்னு இன்னும் தெரியலங்கற அளவுக்குத்தான் சொல்லலாம்.

மேல நைட்ரிக் ஆக்சைடுக்கு ஜோடிக் கதை சொன்னேன் இல்ல? நைட்ரிக் ஆக்சைடு முதல்ல ஆக்சிஜனோட வேகமா சேர்ந்து பிரிஞ்சு, அது இன்னொரு நைட்ரிக் ஆக்சைடை மெதுவா மோதுதுன்னு எழுதினாலும் அதே ரேட் லா வரும், உச்சில தலை எண்ணிக்கை ஒண்ணுதானே.

இதுல சூடு பட்டவங்க கதை ஹைட்ரஜன் அயோடின் கதைதான். ரேட் லா அவ்வளவு எளிமையா இருந்ததால ஹைட்ரஜனும் அயோடினும் ஒரே மோதல்ல முடிச்சுக்குதுன்னு 70 வருஷம் மாதிரி புத்தகத்துக்குப் புத்தகம் எழுதினாங்க, நாலு அணு சதுரமா நிக்கற படம் வேற. 1967-ல ஜான் சல்லிவன் அயோடினை ஒளியால அணுக்களா உடைச்சு, வெப்பத்தால மட்டும் வினை அவ்வளவா நடக்காத குறைஞ்ச வெப்பநிலைல அளந்தார். வேகம் அயோடின் அணுச் செறிவோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போச்சு. அதாவது அயோடின் ரெண்டு அணுவா உடைஞ்சு, அந்த ரெண்டு அணுவும் ஹைட்ரஜனோட சேருது. சமநிலைல [அயோடின் அணு]² எப்பவும் [அயோடின்]க்கு நேர் விகிதம், அதனால ரேட் லா ரெண்டு கதைக்கும் ஒரு புள்ளி கூட மாறாது. வெறும் செறிவை மாத்தி மாத்தி ஆயுசு முழுக்க அளந்திருந்தாலும் வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. இதுக்கப்புறமும் இது முழு நிரூபணம் இல்லன்னு வாதாடினவங்க உண்டு, நான் அந்தச் சண்டைக்குள்ள போகல.

அப்ப வேற என்ன துப்பு தேடுவாங்க?

இண்டர்மீடியேட்டை நிறமாலைல பிடிக்கறது, ஹைட்ரஜனுக்குப் பதில் அதோட கனமான வடிவமான டியூட்டீரியம் போட்டு வேகம் விழுதான்னு பாக்கறது, ஸ்லோ ஸ்டெப்ல கார்பன் ஹைட்ரஜன் பிணைப்பு உடையறதா இருந்தா அறை வெப்பநிலைல 7 மடங்கு வாக்குல கூட விழலாம். பொருளோட வடிவம் தலைகீழா திரும்புதான்னும் பாப்பாங்க, ஹியூஸும் இங்கோல்டும் 1930-கள்ல ஆல்கைல் ஹாலைடுகளோட (கார்பன் கூட ஹாலஜன் சேர்ந்த பொருள்கள்) வினைகளை ரெண்டு வகையா பிரிச்சப்ப ரேட் லாவும் வடிவமும் சேர்ந்துதான் சாட்சி சொல்லுச்சு.

பரீட்சைல மெக்கானிசம் குடுத்து ரேட் லா கேட்டா?

எல்லாப் படியையும் கூட்டி மொத்த சமன்பாடு வருதான்னு முதல்ல பாருங்க. அப்புறம் ஸ்லோ ஸ்டெப்புக்கு ரேட் லா எழுதுங்க, அதுல இண்டர்மீடியேட் இருந்தா முன்னாடி இருக்கற சமநிலையை வெச்சு நீக்குங்க. ஸ்லோ ஸ்டெப்புக்கு அப்புறம் வர்ற படிகளைத் திரும்பிக் கூடப் பாக்காதீங்க. நான் ஒரு தடவை எல்லாப் படியோட வேகத்தையும் கூட்டி எழுதி வெச்சேன், திருத்தினவர் பக்கம் முழுக்க ஒரே கோடா அடிச்சுட்டார்.

வினையூக்கி ரேட் லாவுல வரலாமா? அது செலவே ஆகறதில்லையே?

தாராளமா வரும். அசிட்டோன் வினைல ஹைட்ரஜன் அயனி அப்படித்தான் வந்துச்சு. செலவாகாததால ஒரு சோதனை முழுக்க அதோட செறிவு மாறாது, அதனால கே-க்குள்ள ஒளிஞ்சுக்கும். வில்ஹெல்மியோட சர்க்கரை வினையையே திரும்பப் பாருங்க, நிஜத்துல அதுல சர்க்கரை, தண்ணி, ஆசிட் மூணும் பங்கெடுக்குது. தண்ணி ஏராளமா இருக்கு, ஆசிட் செலவாகல, மாறறது சர்க்கரை மட்டும், அதனால முதல் ஆர்டர் மாதிரி தெரியும், இதைத்தான் போலி முதல் வகைங்கறாங்க. ஆசிட்டை ரெண்டு மடங்காக்கி திரும்ப ஒரு தடவை பண்ணுங்க, சர்க்கரைச் செறிவோட லாகை நேரத்துக்கு எதிரா வரைஞ்சா வர்ற நேர்கோடு அதே நேர்கோடாத்தான் இருக்கும், சரிவு மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிடும்.